அப்பாவின் சைக்கிளை விற்க வேண்டாம், தங்கையே!

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த நமக்கோ தை பிறந்தால் இலை உதிரும். இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். அப்படியிருந்தும் அந்த மாதத்து விடியற்காலைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. கெடா மாநிலத்துத் தங்கை ஒருவர் எழுதிய கடிதம் அந்த நினைவுகளையெல்லாம் கிளறிவிட்டது. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“அன்புள்ள அக்கா, என் அப்பாவுக்கு வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயங்களை உடைத்த பிறகு பட்டணத்தில் எங்களோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். தினமும் காலை ஐந்தரைக்குத் தம் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். திரும்ப எட்டு மணியாகிறது. கேட்டால் ‘சும்மா ஒரு சுற்று’ என்கிறார். துணைக்குப் பேரனை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். இப்போது பனிக்காலம். அவருக்கு இனிப்பு நீர் வேறு. சடக்கில் லோரிகள் பறக்கின்றன. அக்கம் பக்கத்தார், ‘வீட்டில் ஏதும் மனத்தாங்கலா?’ என்று கேட்கிறார்கள். சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் என்ன செய்யட்டும்?”

தங்கையே, உங்கள் பயம் நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அப்பா ஏன் அந்த நேரத்துக்கு எழுகிறார் என்று பார்ப்போம். அது பிடிவாதம் அல்ல. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் இரவெல்லாம் அழுத்தம் கூடியிருக்கும். விடிவதற்கு முன்னால் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி, இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கிவிட்டால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். பாலும் சீக்கிரம் நின்றுபோகும். அதனால்தான் நம்மவர்களுக்கு அத்தனை இருட்டில் பிரட்டு. துரையின் கட்டளை ஒரு பக்கம் இருக்க, மரமே அப்படித்தான் கேட்டது. நாற்பது வருடம் அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பிடம், “பட்டணத்துக்கு வந்துவிட்டோம், ஏழு மணி வரை தூங்கு” என்றால் கேட்குமா?

எழுவது சரி, தனியாக எங்கே போகிறார் என்பீர்கள். எனக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை.

நம் லய வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு சின்ன அறை, ஓர் அடுப்படி, எட்டுப் பேர். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கத்தில் குழந்தை விழித்துக்கொள்ளும். பிரட்டுக் களத்தில் கூட்டம். நிரைக்குப் போனால் பின்னாலேயே மண்டோர் வந்து பட்டையில் காயம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி. மாலையில் கடை, கோயில், சங்கக் கூட்டம். பிறகு மறுபடியும் அந்த இரண்டு அறை. வீட்டிலிருந்து வேலைக்காட்டுக்குச் சைக்கிளில் போகும் இருபது நிமிடம் மட்டுந்தான் ஒரு மனிதருக்குச் சொந்தமாக இருந்தது. அந்த இருபது நிமிடத்தில் கடனை நினைப்பார்கள், மகளின் கல்யாணத்தை நினைப்பார்கள், சினிமாப் பாட்டை முணுமுணுப்பார்கள். எதையும் நினைக்காமலும் போவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அன்பாகப் பரிமாறும் மகள் இருக்கிறாள். தன் பாட்டில் இருக்க அந்த இருபது நிமிடம் எங்கே இருக்கிறது?

நான் இதை ஊகித்துச் சொல்லவில்லை. 1975ஆம் ஆண்டு எனக்குப் பதினேழு வயது. எங்கள் டிவிஷனிலிருந்து மூன்று கட்டை தள்ளியிருந்த இன்னொரு டிவிஷனில் ஆயாக் கொட்டகைக்கு உதவியாளாகப் போனேன். தாய்மார்கள் பிரட்டுக்கு ஓடுவதற்கு முன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். ஆகவே அவர்களுக்கும் முன்னதாக நான் அங்கே இருந்தாக வேண்டும். பட்டணத்து வேலைக்குப் போய்விட்ட அண்ணனின் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. “பெண்பிள்ளைக்கு இருட்டில் என்ன சவாரி?” என்று அம்மா சத்தம் போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. டைனமோ விளக்கைச் சரிபார்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

நம் நாட்டில் குளிரா என்று கேட்பவர்கள் தை மாதத்தில் கெடாப் பக்கம் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியது. நாட்டிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். கீழே சமவெளியில் அவ்வளவு இல்லை. 21, 22 டிகிரிதான். ஆனால் வடகிழக்குக் காற்று நடுமலைத் தொடரைத் தாண்டும்போதே மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு வருகிறது. மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. மரங்களிலும் இலை இல்லை. மேலே போர்வை இல்லாமல் படுத்த கதைதான். சைக்கிள் ஓடும்போது எழும் காற்றும் சேர்ந்துகொண்டால் 22 டிகிரி போதும், காது வலிக்கும், கண்ணில் நீர் வரும். பிரேக் கம்பியைப் பிடித்தால் ஐஸைத் தொட்டது போலிருக்கும். நான் தலையில் அப்பாவின் துண்டைக் கட்டி, அண்ணனின் நீளக்கைச் சட்டையைப் பாவாடைக்கு மேலே போட்டுக்கொண்டு போவேன். பார்க்கச் சகிக்காது. இருட்டில் யார் பார்க்கிறார்கள்?

வழியில் இரண்டு பள்ளங்கள். பள்ளத்தில் இறங்கும்போது குளிர் முழங்காலைப் பிடிக்கும். மேட்டில் ஏறினால் வெதுவெதுப்பாக இருக்கும். பேய் நடமாடும் இடம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். குளிர்ந்த காற்று கனமானது, நீரைப் போல் தாழ்வான இடத்தில் போய்த் தங்கும் என்று பிறகுதான் படித்தேன். பேய்க்கு அங்கே வேலையே இல்லை.

மற்ற மாதங்களில் ரப்பர் காட்டுக்குள் விடியற்காலை கும்மிருட்டாக இருக்கும். தை, மாசியில் மட்டும் மேலே பார்த்தால் நட்சத்திரம் தெரியும். கிளைகள் மொட்டையாக நிற்கும். சடக்கு முழுவதும் சருகு. சக்கரம் ஏறும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். யாரோ பின்னால் வருவது போலவே இருக்கும், நிறுத்தினால் நிற்கும். முதல் இரண்டு நாள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே மிதித்தேன். மூன்றாம் நாள் அந்தச் சத்தம் பழகிவிட்டது. நாலாம் நாள் அது கேட்காத தார்ச் சடக்குக்கு வந்ததும் என்னவோ போலிருந்தது. தூரத்து லயத்தில் அடுப்புப் புகை கிளம்பும். ஒரு நாய் குரைக்கும். வானம் சாம்பல் நிறமாகும்போது ஜெராய் மலையின் உருவம் தெரியும். கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது கை மரத்திருக்கும், முதுகில் வியர்வை இருக்கும். அன்று முழுவதும் பிள்ளைகள் எத்தனை பேர் அழுதாலும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த அந்த இருபது நிமிடம் நம் அம்மாக்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் அதே மரத்தைத்தான் வெட்டினார்கள், அதே வாளியைத்தான் தூக்கினார்கள். ஆனால் கூட்டமாக நடந்து போனார்கள். அல்லது கைக்குழந்தையோடு புருஷனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார்கள். மிதிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இதை ஆண்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் இந்த இலையுதிர்வைத் தங்கள் ஊர்க் குளிர்காலத்தின் பெயரால் ‘விண்டரிங்’ என்றார்கள். நம்மவர்கள் இலை உதிர்காலம் என்றோம். பச்சை இலை மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, இரண்டு மூன்று வாரத்தில் மரம் மொட்டையாகிவிடும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். மரம் தன் சத்தையெல்லாம் புதிய இலைக்குச் செலவிடுகிற அந்த நாட்களில்தான் மங்கு நிறையாது. அதே சமயத்தில் பனி அதிகமாக இருந்தால் தளிரில் சாம்பல் நோய் பிடித்து அதுவும் கொட்டிவிடும். காற்று அசையாத விடியற்காலையில் கந்தகத் தூள் தூவுவார்கள். அந்த நெடி உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். கையில் காசு இல்லாத மாதம், வழியில் நட்சத்திரம் தெரிகிற மாதம், இரண்டும் ஒன்றாகவே வரும்.

சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு சாமானியமானது அல்ல. 1877இல் பிரேசில் நாட்டு ரப்பர் மரத்தின் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்பது கன்றுகள் கோல கங்சாருக்குப் போயின. வந்த மரத்தை அப்போது சீண்டுவார் இல்லை. தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் பெரிதாகத் தெரிந்தது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் தரையில் குலுங்குவதைப் பார்த்து, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். அதே 1888இல்தான் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு இயக்குநராக வந்து சேர்ந்தார். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் அவர். சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பட்ட தோட்டக்காரரிடமெல்லாம் “ரப்பர் நடுங்கள்” என்று கேட்டதால் அவருக்குப் பைத்தியக்காரப் பட்டம் கிடைத்தது. (அந்தப் பைத்தியக்காரர் நூறு வயது வாழ்ந்து 1956இல்தான் காலமானார்.)

1890களில் உலகமெங்கும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. மோட்டார் கார் பெருகியது அதற்குப் பிறகுதான். மலாயாவில் முதல் ரப்பர்த் தோட்டங்கள் தோன்றியது 1890களின் நடுவில். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால்தான் நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பல் ஏறினார்கள். ஆகவே உங்கள் அப்பா மிதிக்கும் அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் அவர் இங்கே பிறந்திருப்பாரா என்பதே சந்தேகம். பழைய இரும்புக்காரருக்கு இது தெரியாது. கிலோவுக்கு இவ்வளவு என்று எடை போடுவார்.

அப்பா போகும் ‘ஒரு சுற்று’ எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டரை மணி நேரம் என்றால் பழைய தோட்டத்துப் பக்கம்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே இப்போது செம்பனை நின்றாலும் நிற்கும். செம்பனை ரப்பரைப் போல் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. அதன் அடியில் தை மாதமும் ஆடி மாதமும் ஒன்றுபோல் இருட்டுத்தான். எங்காவது சின்னத் தோட்டக்காரர் ஒருவரின் ஐந்து ஏக்கர் ரப்பர் மிச்சம் இருக்கும். அந்தச் சருகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வழியில் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறார் போலிருக்கிறது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். சடக்கு முன்பு போல் இல்லை என்பது உண்மை. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை மூன்று மணி வாக்கில் ஜொகூர் பாருவில் சைக்கிள்களில் இருந்த எட்டு இளம்பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். அதைப் படித்தபோது நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்து வயிறு கலங்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். யார் குற்றம் என்பது நீதிமன்றத்து விவகாரம். இருட்டில் வேகமாக வரும் வண்டிக்கு முன்னால் சைக்கிள் இருப்பது தெரியவேண்டும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். இப்போது யாரும் நிறுத்துவதில்லை என்பதால் நாமும் மறந்துவிட்டோம்.

பழைய டைனமோ விளக்கில் ஒரு குறை உண்டு. சக்கரம் ஓடினால்தான் எரியும். சந்தியில் நின்றால் அணைந்துவிடும். நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம். கைபேசி போல மின்னேற்றிக்கொள்ளும் சின்ன விளக்குகள் இப்போது கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று இரண்டு வாங்கி நீங்களே மாட்டிவிடுங்கள். இரவில் படுக்கும் முன் மின்னேற்றி வைப்பதைப் பேரனின் வேலையாக ஆக்குங்கள். தாத்தாவோடு போக முடியாவிட்டாலும் அவன் பங்கு அதில் இருக்கும். சாலை வேலையாட்கள் போடுகிறார்களே, வெளிச்சம் பட்டால் மினுங்கும் மேல்சட்டை, அதையும் ஒன்று வாங்குங்கள். “நான் என்ன குப்பை லோரிக்காரனா?” என்பார். குளிருக்கு என்று சொல்லிக் கொடுங்கள். உண்மையிலேயே குளிர்காற்றைக் கொஞ்சம் தடுக்கும்.

நேரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். ஆகவே அப்பா இளவயதில் ஐந்தரை என்று கிளம்பிய அதே இருட்டு இன்றைய கடிகாரத்தில் ஆறு மணிக்கு இருக்கும். தை மாதத்தில் உங்கள் பக்கம் சூரியன் எழ ஏழரை மணியாகிவிடுகிறது. “ஆறு மணிக்குப் புறப்படுங்கள் அப்பா, உங்கள் பழைய ஐந்தரைதான் அது” என்று சொல்லிப் பாருங்கள். கணக்குப் போட்டுச் சொன்னால் தோட்டத்து மனிதர் ஏற்றுக்கொள்வார். ‘போகாதீர்கள்’ என்றால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்.

இனிப்பு நீர் விஷயத்தில்தான் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், இந்நாட்டு இந்தியர்களில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. சைக்கிள் மிதிப்பது இந்த நோய்க்கு நல்லது. உடல் பாரம் சைக்கிளில் இறங்குவதால் முழங்காலுக்கும் நடையைவிடச் சுலபம். ஆனால் இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் மிதித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். குளிரில் வந்த நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர் தொடர்ந்து மிதிப்பார். அதுதான் எனக்குக் கவலை. கிளம்புமுன் இரண்டு துண்டு ரொட்டியாவது பசியாறிவிட்டுப் போகட்டும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். கிளினிக்குக்குப் போகும்போது, விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறார், என்ன மாத்திரை எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இரத்த அழுத்தம் ஏறுவது இயல்பு. குளிரிலும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் முதல் பத்து நிமிடம் மெதுவாகவே மிதிக்கட்டும். காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு போகட்டும். நெஞ்சில் இறுக்கமோ மூச்சு முட்டலோ வந்தால் சவாரி அங்கேயே நிற்க வேண்டும். வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. பனியில் நனைந்த சருகு வழுக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

கைபேசி வேண்டாம் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவாரானால், பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று சைக்கிள் பையில் இருக்கட்டும். எந்தப் பக்கம் போகிறார் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். எட்டு மணி தாண்டினால் தேடி வருவோம் என்பது உடன்படிக்கை. அவரும் மீறமாட்டார், நீங்களும் ஏழரைக்கே போன் போட்டு விரட்டக் கூடாது.

அக்கம் பக்கத்தார் கேட்டால் “அப்பா உடற்பயிற்சிக்குப் போகிறார்” என்று சொல்லிவிடுங்கள். பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சைக்கிள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இறுக்கமான கால்சட்டையில் மிதிக்கிறவர்களை யாராவது மனத்தாங்கலா என்று கேட்கிறார்களா? உங்கள் வீட்டுக்காரரிடமும் கோபிக்காதீர்கள். மாமனாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் மேல் வருமே என்ற பயம் அவருக்கு. இந்தக் கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. அப்பா குளிக்கும் நேரத்தில் பின் டயரைப் பாருங்கள். பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும். பிரேக் கட்டைகளையும் பாருங்கள். பழைய பெரிய சைக்கிள் என்றால் சக்கரம் 28 அங்குலமாக இருக்கும். இப்போது எல்லாக் கடையிலும் அந்த டயர் இருக்காது; பழைய சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்.